இர்பெசார்டான் 300: ஒன்றரை வருஷம் சாப்பிட்டவன் சொல்கிறேன்

சர்க்கரை வந்து பதினோராவது வருஷம், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் 112 என்று ரிப்போர்ட் வந்தது. கிட்னி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டியது. 300ஐத் தாண்டினால் கிட்னி பாதிப்பு முற்றுகிறது என்று அர்த்தம். நான் இரண்டுக்கும் நடுவில்.

முதலில் ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள். ராத்திரியெல்லாம் வறட்டு இருமல். அதை நிறுத்திவிட்டு இர்பெசார்டான் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரைக்கு, 150 மில்லிகிராம் டோஸில், மாற்றியதும் இருமல் போய்விட்டது. ஒரு மாதத்தில் பிரஷர் 146/90இலிருந்து 128/78க்கு இறங்கியது. "நார்மல்தான், இதையே சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் அல்புமின் 104. அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

வேறு ஒரு டாக்டர்தான் விளக்கினார். பிரஷருக்குப் போதுமான டோஸ் கிட்னிக்குப் போதாமல் இருக்கலாம். கிட்னியின் நுண்ணிய வடிகட்டிகளில் ரத்தம் வெளியேறும் குழாயை இந்த மருந்து தளர்த்துகிறது. உள்ளே அழுத்தம் குறைந்தால் புரதம் கசிவதும் குறையும். 2001இல் வந்த ஆய்வை எடுத்துக் காட்டினார். என்னைப் போன்ற 590 பேர், இரண்டு வருஷம். நோய் முற்றியவர்கள் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 14.9 சதவீதம், 150 சாப்பிட்டவர்களில் 9.7, 300 சாப்பிட்டவர்களில் 5.2. இத்தனைக்கும் 150க்கும் 300க்கும் பிரஷரில் பெரிய வித்தியாசம் இல்லை.

சரி, 300க்கு மாறினேன். மாத்திரை கொஞ்சம் பெரியது, நிறையத் தண்ணீரோடு விழுங்கணும். தினம் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கவலை இல்லை. முதல் பத்து நாள் கட்டிலை விட்டு எழுந்தால் கிறுகிறுப்பு, அப்புறம் பழகிவிட்டது. இரண்டு வாரத்தில் எடுத்த ரத்த டெஸ்டில் கிரியாட்டினின் 1.0இலிருந்து 1.2 ஆகியிருந்தது. பயந்துபோய் மாத்திரையை நிறுத்தப் பார்த்தேன். 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்த்ததுதான், நிறுத்தாதீங்க என்றார் அந்த டாக்டர். பொட்டாசியம் 4.7, பிரச்சினையில்லை. டோஸ் ஏற்றினால் இந்த இரண்டையும் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் கட்டாயம் பாருங்கள்.

வாந்தி பேதி வந்தால் மாத்திரையைத் தொடரலாமா என்று உடனே டாக்டரைக் கேளுங்கள். வலி மாத்திரையை இஷ்டத்துக்குப் போடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு இது ஆகவே ஆகாது. ராமிப்ரிலும் இதுவும் சேர்ந்து சீட்டில் இருந்தால் ஏன் என்று கேட்டுவிடுங்கள்.

போன மாதம் அல்புமின் 41. என் கிட்னிக்கு இவ்வளவு செய்த மருந்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். உங்களுக்கு பிரஷர் நார்மல் என்று சொன்னால், அல்புமின் எவ்வளவு என்று அங்கேயே கேளுங்கள்.