நடுத்தர விலை லாஞ்ச் மானிட்டர்: மதுரை வீட்டு அறைக்கு எது பொருந்தும்?

மதுரையில் இருந்துகொண்டு கோல்ஃபின் பதினெட்டுக் குழிகளையும் முழுதாக ஆட விரும்புகிறவர், பெரும்பாலும் வத்தலக்குண்டு வழியாக மலையேறி, 1895இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் கோல்ஃப் கிளப்புக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. போக ஏறத்தாழ 120 கிலோமீட்டர், வரவும் அவ்வளவே. எனவே வார நாள்களின் பயிற்சிக்காக வீட்டு மாடியிலோ கிடங்கின் ஒரு மூலையிலோ, பந்தைத் திரையில் அடித்துக் கணினி வழியே ஆடும் சிமுலேட்டர் அமைக்க நினைப்பதில் வியப்பில்லை. திரை, புரொஜெக்டர், பந்தை வைத்து அடிக்கும் விரிப்பான மேட், கணினி ஆகியவற்றைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். அடித்த பந்தின் வேகம், கோணம், சுழற்சி ஆகியவற்றை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் அப்படியன்று. அது கேட்கும் இடம் அறையில் இல்லையென்றால் சுவரை இடிக்க வேண்டும், அல்லது கருவியை விற்க வேண்டும்.

சந்தையின் கீழ்ப்படியில் கார்மின் ஆர்10 போன்றவையும், உச்சியில் டிராக்மேன் போன்றவையும் நிற்கின்றன. இடையில், அமெரிக்க விலையில் சுமார் 2,000 முதல் 5,000 டாலர் வரை உள்ள வரிசையில் ஃப்ளைட்ஸ்கோப் மீவோ பிளஸ், ஸ்கைட்ராக் பிளஸ், புஷ்னெல் லாஞ்ச் புரோ, யுனீகோர் ஐ மினி லைட் ஆகிய நான்கையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இவற்றில் முதலாவது, பந்துக்குப் பின்னால் வைக்கப்படும் ரேடார் கருவி. மற்ற மூன்றும் பந்தின் பக்கவாட்டில் அமர்ந்து கேமராவால் பார்ப்பவை. ஸ்கைட்ராக் பிளஸ் மட்டும் கேமராவோடு ரேடாரையும் சேர்த்துக்கொள்கிறது.

ரேடார் நுண்ணலைகளை அனுப்பி, அசையும் பொருளிலிருந்து திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு வேகத்தை அறிகிறது. திறந்த வெளியில் பந்து பறக்கும் தூரம் முழுவதையும் அது பின்தொடர முடியும் என்பதால் அங்கே அதன் கை ஓங்கியிருக்கும். நாலு சுவருக்குள் கதை வேறு. தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் டிரைவர் என்னும் நீண்ட மட்டையால் அடிக்கும் பந்து மணிக்கு ஏறத்தாழ 167 மைல் வேகத்தில், நிமிடத்துக்குச் சுமார் 2,700 சுற்றுகளுடன் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 245 அடி என்ற அந்த வேகத்தில், பத்தடி தள்ளியிருக்கும் திரையை அது ஒரு நொடியின் இருபத்துநான்கில் ஒரு பங்குக்குள் தொட்டுவிடும். அதற்குள் பந்து இரண்டு சுற்றுகூட முழுதாகச் சுற்றியிருக்காது. ஏழாம் எண் அயர்ன் என்னும் குட்டையான மட்டையில் வேகம் குறைவு, சுழற்சி அதிகம். ஆகவே அதே பத்தடியில் ஆறேழு சுற்றுகள் கிடைக்கும். டிரைவர் அடியின் சுழற்சியை அறைக்குள் அளப்பது ரேடாருக்கு ஏன் கடினம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். அதனால்தான் மீவோ பிளஸை உள்ளரங்கில் பயன்படுத்துவோர் பந்தின்மேல் சிறு உலோகப் புள்ளி ஒன்றை ஒட்டி, அது ரேடாரின் கண்ணில் படும்படி ஒவ்வொரு முறையும் பந்தைத் திருப்பி வைக்கிறார்கள். மேட்டில் தேய்ந்து, திரையில் மோதி அந்தப் புள்ளி உரிந்துவிடும். மறுபடி ஒட்ட வேண்டும். ஒரு வாளிப் பந்துகளை வரிசையாக அடித்துப் பழகுகிறவருக்கு இது சலிப்பான வேலை.

கேமரா முறையில் இந்தச் சிக்கல் இல்லை. பந்து மட்டையை விட்டுக் கிளம்பிய முதல் சில அங்குலங்களிலேயே அடுத்தடுத்துப் படங்களை எடுத்து, பந்தின் பரப்பில் உள்ள குழிகளோ அடையாளங்களோ ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே எவ்வளவு நகர்ந்தன என்பதிலிருந்து சுழற்சியையும், சுழலும் அச்சின் சாய்வையும் கண்டுபிடிக்கிறார்கள். பந்து வலப்பக்கம் வளையுமா இடப்பக்கம் வளையுமா என்பதை முடிவு செய்வதில் அந்தச் சாய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் பிறகு பந்து எங்கே போய் விழும் என்பது கணிதம்தான்; கேமரா அதைப் பார்ப்பதில்லை. ஆனால் சிமுலேட்டரில் பந்து திரையோடு நின்றுவிடுவதால், இந்தக் குறை ஒரு குறையே அன்று.

இனி அறைக்கு வருவோம். மீவோ பிளஸ் பந்துக்குப் பின்னால் ஏழு முதல் ஒன்பதடி தள்ளி இருக்க வேண்டும். பந்துக்கு முன்னால் குறைந்தது எட்டடி பறக்கும் இடம் வேண்டும். திரைக்கும் சுவருக்கும் நடுவே ஓரடியாவது விட வேண்டும். ஆக, சுமார் பதினெட்டடி நீளம் தேவைப்படும். கே.கே. நகரிலோ அண்ணா நகரிலோ உள்ள வழக்கமான மாடி அறைகள் பத்துக்குப் பன்னிரண்டு, அல்லது பன்னிரண்டுக்குப் பதினான்கு என்ற கணக்கில் கட்டப்பட்டவை. ஹாலைத் தியாகம் செய்ய வீட்டார் ஒப்பினால் மட்டுமே பதினெட்டடி கிடைக்கும். பக்கவாட்டில் வைக்கும் கருவிக்குப் பின்பக்க இடம் தேவையில்லை. மட்டையைத் தாராளமாகச் சுழற்ற இடமிருந்தால் பதினான்கு, பதினைந்தடி நீளத்திலேயே சமாளிக்கலாம். கப்பலூர்ப் பக்கம் தொழிற்கூடமோ கிடங்கோ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

நீளத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. சீலிங் ஃபேன் இல்லாத அறை நம் ஊரில் ஏது? பத்தடி உயரக் கான்கிரீட் கூரையிலிருந்து ஓரடிக்கு மேல் கீழிறங்கி நிற்கும் அதன் இறக்கையை, உயரமான ஒருவர் டிரைவரை உச்சிக்கு ஓங்கும்போது மட்டைமுனை தொட்டுவிடலாம். எந்தக் கருவியை வாங்கினாலும் அடிக்கும் இடத்துக்கு மேலுள்ள ஃபேனைக் கழற்றியே ஆக வேண்டும். ரேடார் வாங்கினால் அதோடு விடாது. அசைவதையெல்லாம் கவனிக்கும் கருவியின் பார்வைக்குள் சுழலும் இறக்கைகள் இருந்தால் அவையும் அதற்கு ஒரு சமிக்ஞைதான். பழைய டியூப்லைட்டும் இதே போல ரேடாரைக் குழப்பக்கூடும். ரேடார் நோக்கும் பக்கத்தில் ஃபேன் வேண்டாம், சுவர் ஃபேனைக் கருவிக்குப் பின்னால் மாட்டுங்கள், விளக்கை எல்இடிக்கு மாற்றுங்கள் என்பது இதற்கான வழி. கேமராக் கருவிக்கு ஃபேன் ஒரு பொருட்டன்று. ஆனால் மேற்கு ஜன்னல் வழியே மாலை வெயில் நேராக மேட்டின்மேல் விழுந்தால் அதன் கண் கூசும். கனமான திரைச்சீலை ஒன்று போதும். கத்திரி வெயிலில் மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குள் எந்தக் கருவியையும் விட்டுவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே அறைக்குள் மட்டும் ஆடப் போகிறவருக்குப் போட்டி கேமராக் கருவிகள் மூன்றுக்குள்தான். இவற்றில் லாஞ்ச் புரோவையே நான் முதலில் வைப்பேன். புஷ்னெலைத் தன்னிடம் வைத்திருந்த விஸ்டா அவுட்டோர் நிறுவனம் 2021இல் லாஞ்ச் மானிட்டர் தயாரிக்கும் ஃபோர்சைட் ஸ்போர்ட்ஸை வாங்கியதன் விளைவாக, ஃபோர்சைட்டின் ஜிசி3 கருவியில் உள்ள அதே மூன்று கேமரா அமைப்பு இதற்கும் கிடைத்தது. சாதாரணப் பந்து போதும், புள்ளி ஒட்ட வேண்டியதில்லை; மட்டையின் விவரங்களும் வேண்டுமென்றால் மட்டை முகத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். பந்தின் அடிப்படை எண்கள் கருவியின் சிறு திரையிலேயே தெரிகின்றன. குறை என்று சொன்னால் சந்தா. வேறு நிறுவன மென்பொருளோடு இணைத்து ஆட மேல்படிச் சந்தாவை ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருப்பதால், ஐந்தாண்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே இதன் உண்மையான விலை தெரியும். கருவியின் விலையை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுவது சரியன்று.

ஸ்கைட்ராக் பிளஸ் 2023இல் 2,995 டாலர் அறிமுக விலையில் வந்தது. மட்டையின் வேகத்தையும் பாதையையும் ரேடாரே பார்த்துக்கொள்வதால் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை இல்லை. குடும்பத்தில் பலர் பல மட்டைகளோடு ஆடும் வீட்டுக்கு இது பெரிய வசதி. சந்தா இங்கும் உண்டு. துல்லியத்தில் லாஞ்ச் புரோவுக்கு ஒரு படி கீழே வைக்கலாம் என்றாலும், வாரத்துக்கு இரண்டு மாலை ஆடுகிறவர் அந்த ஒரு படியை உணரப் போவதில்லை.

ஐ மினி லைட்டில் பேட்டரி இல்லை, திரையும் இல்லை. மின்கம்பியும் கணினிக்குச் செல்லும் ஈதர்நெட் கம்பியும் எப்போதும் செருகியிருக்க வேண்டும். மின்வெட்டை நினைத்து இதைத் தள்ள வேண்டியதில்லை. மின்சாரம் போனால் புரொஜெக்டரும்தான் அணையும். பேட்டரியுள்ள கருவி மட்டும் விழித்திருந்து பயனென்ன? அறை நிரந்தரம், கருவி நகரப் போவதில்லை என்பவருக்கு இது கொடுத்த காசுக்கு ஏற்ற பொருள்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு நுணுக்கம்: கருவியின் அடித்தளமும் பந்து நிற்கும் பரப்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மேட் ஒன்றரை அங்குலத் தடிமன் என்றால், அதே தடிமனில் ஒரு பிளைவுட் பலகையைத் தச்சரிடம் அறுத்து வாங்கிக் கருவிக்கு அடியில் வையுங்கள். ரசமட்டம் வைத்துச் சரிபார்ப்பதும் அவசியம். தரை ஒரு பக்கம் வாட்டமாக இருந்தால், பந்து கிளம்பும் கோணமும் அச்சின் சாய்வும் அதற்கேற்பப் பிசகும்.

மாதம் ஒருமுறையாவது கருவியையும் கொடைக்கானலுக்கு எடுத்துச் செல்ல எண்ணுகிறவர், பதினெட்டடி அறையும் உள்ளவர் என்றால், மீவோ பிளஸைத் தயங்காமல் வாங்கலாம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. மதுரையில் ஆடும் அதே அடி அங்கே தெளிவாகக் கூடுதல் தூரம் போகும். எவ்வளவு கூடுதல் என்பதைக் கணித்துச் சொல்வதற்குப் பதில் பந்தைப் பின்தொடர்ந்து அளந்தே சொல்லக்கூடியது இந்த நான்கில் மீவோ பிளஸ்தான். இடக்கை ஆட்டக்காரர் வீட்டில் இருந்தாலும் அதற்கு ஒரு புள்ளி கூடும். பின்னால் இருக்கும் கருவியை நகர்த்த வேண்டாம், பக்கவாட்டுக் கருவியையோ ஆள் மாறும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் தூக்கி வைக்க வேண்டும்.

எதை வாங்கினாலும், இறக்குமதித் தீர்வை உட்பட இறுதி விலை என்ன, பழுதானால் கருவியை எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும், அனுப்பும் செலவு யாருடையது என்ற மூன்றையும் விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பணத்தை அனுப்புங்கள்.