எரிபயிராக எதை வைப்பது: சவுக்கா, நேப்பியர் புல்லா?

எரிபொருளுக்கென்று ஒரு பயிரை நட்டால், நட்டவர் கணக்குப் பார்க்கும் முன்பே ஊரார் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். விறகுக்கான சவுக்கு, கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து உருவாக்கிய கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஆகிய இரண்டில் எதை வைப்பது என்று ஒரு பருவம் முழுவதும் யோசித்துப் புல்லையே நட்டவன் நான். ஆகவே இந்த அலசல் அதன் பக்கமே சாயும்.

சவுக்கின் சிறப்பைப் பலரும் அறிவர். வறட்சி தாங்கும், வேர்முடிச்சுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) மண்ணில் சேர்க்கும், விறகைக் காயவைத்து விலை வரும்வரை அடுக்கி வைக்கலாம். புல்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது; முதல் அறுப்பு சுமார் 75 நாளில் வந்தபின், ஏறத்தாழ 45 நாளுக்கொரு முறை அறுத்து, ஈரம் மிகுந்த அந்தச் சுமையை உடனே, நொதிக்கவைத்து எரிவாயு எடுக்கும் கலனுக்கு அனுப்பவோ, காற்றுப் புகாமல் மூடி ஊறுகாய்ப்புல்லாகப் பதப்படுத்தவோ வேண்டும்.

இருந்தும் புல்லை நட்டதற்குக் காரணம், அது மாட்டுக்கும் ஆகும் என்பதே. சோறு விளைந்த மண்ணில் எரிபொருள் விளைவதா என்ற மனக்குறை எளிதில் ஆறாது. இந்தியாவில் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் எரிபொருள் பயிராகப் பெரிதாகப் பேசப்பட்ட காட்டாமணக்கு, எதிர்பார்த்த விளைச்சலைத் தராததோடு, நச்சுச்செடி என்பதால் தீவனமாகவும் ஆகவில்லை. சவுக்குத் தோப்பும் வெட்டும்வரை மூன்று நான்கு ஆண்டுகள் மூடிய கதவுதான். புல்லோ, வாங்குபவர் வராவிட்டால் தொழுவத்துக்குப் போகும். கோடையில் என்னிடம் ஒரு கட்டுக் கேட்டு வந்தவர்களில் முதலில் முகம் சுளித்தவர்களும் உண்டு.

தீவனமாவது மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மக்காச்சோளமும் தீவனப் பயிர்தான். ஆனால் ஜெர்மனியில் அது எரிவாயுவுக்காகக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பரவியபோது எதிர்ப்பு வலுத்து, புதிய கலன்களில் இடும் மக்காச்சோளமும் தானியமும் எடையில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாதென்று 2012-இல் விதி வந்தது. நான் நட்டிருப்பது நிலத்தின் ஒரு மூலையில் மட்டுமே. முழு நிலத்திலும் நட்டிருந்தால் இதே பரிவு கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

கோடையில் கிணறு அடிதட்டும் நிலமென்றால் புல்லைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே சவுக்கே சரி. ஆனால் வரப்பை ஒட்டி நடாமல், அடுத்தவர் வயலில் நிழல் விழாத அளவுக்கு உள்ளே தள்ளி நட வேண்டும்.