சில்க்சாங்கா, எக்ஸ்பெடிஷன் 33-ஆ?

2025-ல் வந்த இந்த இரண்டு வீடியோ கேம்களில் எதை முதலில் வாங்கலாம்? கம்ப்யூட்டரைப் பார்த்து முடிவு பண்ணுங்க. 'ஹாலோ நைட்: சில்க்சாங்' 8 ஜிபியில் அடங்கும், பழைய கிராபிக்ஸ் கார்டிலும் ஓடும். 'எக்ஸ்பெடிஷன் 33' 55 ஜிபி இடமும் குறைந்தது ஜிடிஎக்ஸ் 1060 கார்டும் கேட்கும்.

சில்க்சாங்கில் ஆரம்ப உயிர் 5 முகமூடிதான். பல எதிரிகள் ஒரே அடியில் 2 பறிப்பதால் மூன்றாவது அடியில் ஆட்டம் முடிந்தது. 3 முகமூடியை மீட்க 9 நூல் வேண்டும். நூல் சேர எதிரியை அடிக்கணும், பயந்து ஒதுங்கினால் சேராது. குதித்தபடி கீழே அடிக்கும் கீழ்க்குத்து தொடக்கத்தில் சாய்வாகத்தான் இறங்கும். எதிரியின் தலைக்கு நேர்மேலே இருந்து அடித்தால் தவறும். சற்றுத் தள்ளிக் குதிங்க. செத்த இடத்துக்குத் திரும்ப ஓடும் தூரம்தான் அநியாயம்.

எக்ஸ்பெடிஷனில் நீங்களும் எதிரியும் மாறி மாறி முறை வைத்துச் சண்டை. ஆனால் எதிரியின் முறையிலும் கை பட்டனிலேயே இருக்கணும். புது எதிரி வந்தால் முதலில் விலகிப் பழகுங்க, அதற்குப் பட்டனை அழுத்தக் கிடைக்கும் நேரம் அதிகம். தாளம் பிடிபட்டதும் தடுங்க. எல்லா அடியையும் தடுத்தால் பதிலடி கிடைக்கும். ஓங்கிய கையை எதிரி வேண்டுமென்றே நிறுத்தி ஏமாற்றுவான், அதனால் காதும் வேலை செய்யணும். சோமனூர், பல்லடம் பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவே ஆடுபவர்களுக்கு ஹெட்போன் கட்டாயம், அதுவும் வயர் வைத்தது. புளூடூத்தில் ஒலி தாமதமாக வரும், தடுப்பு பிசகும்.

வேலை முடிந்து அரை மணி நேரமே ஆடுபவருக்கு எக்ஸ்பெடிஷன்தான் தோது. கடினத்தை நடுவிலேயே குறைக்கலாம். சில்க்சாங்கில் அந்த வழியே இல்லை.