அக்கோவுக்கு ஒரு முழு நாள் கேளுங்கள்

புனித பூமிப் பயணம் நடத்துகிறவர்களின் அச்சிட்ட திட்டத்தில், இஸ்ரேலின் வடக்கே கடலோரத்தில் உள்ள பழைய துறைமுக ஊரான அக்கோ ஒரே வரியில் முடிந்துவிடும். ஹைஃபாவில் கர்மேல் மலை, பிறகு 'அக்கோ, கடற்கோட்டை', மாலையில் நாசரேத்து. எங்கள் சபையிலிருந்து போன குழுவுக்கும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். எருசலேமையும் கலிலேயாவையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அக்கோவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த ஊருக்கு எங்கள் பயண நிறுவனம் செய்தது அநியாயம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. குமுளியில் தேக்கடி போகிற சாலையில் ஏலக்காய், மிளகு, பட்டை, கிராம்பு விற்கும் கடை வைத்திருக்கிறேன். வெளியூர்க்காரர்களை நம்பிப் பிழைக்கிற ஊர் எப்படி மெல்ல மெல்ல அவர்களுக்கு மட்டுமே ஆகிவிடும் என்பதைக் கண்ணெதிரே பார்த்து வருகிறவன். பழைய பலசரக்குக் கடை போய் சாக்லேட் கடை வரும், காய்கறிக்கடை போய் மசாஜ் நிலையம் வரும். அதனால் எந்தச் சுற்றுலா ஊருக்குப் போனாலும் முதலில் ஒன்றைத்தான் பார்ப்பேன்: உள்ளூர்ப் பெண்கள் பையோடு வந்து மீன் வாங்குகிறார்களா?

அக்கோவில் வாங்குகிறார்கள். 2001-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். ஆனாலும் மதில்களுக்குள் அரபுக் குடும்பங்கள் குடியிருக்கின்றன. சந்தைத் தெருவில் பனிக்கட்டி மேல் மீன், பக்கத்தில் மாதுளைச் சாறு, அதற்கு அடுத்து பள்ளிவிட்டு ஓடும் பிள்ளைகள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

என் அக்கா மகள், வண்டிப்பெரியாறுக்காரி, பக்கத்து ஊரான நஹாரியாவில் ஒரு முதியவரைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அன்று விடுப்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். "மாமா, குழுவோடு போனால் மதிலைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிடுவீர்கள். என்னோடு வாருங்கள்" என்றாள். போதகரிடம் சொல்லிவிட்டு அவளோடு பிரிந்தேன். அதனால்தான் இவ்வளவு எழுத முடிகிறது.

முதலில் ஹாஸ்பிட்டலர் மண்டபங்கள். இதற்குத் தனி டிக்கெட். எங்கள் கட்டணத்தில் சேர்க்கவில்லை. கையிலிருந்து ஷெக்கல் கொடுத்தாவது போய்விடுங்கள். சிலுவைப் போர்க்காலத்தில் நோயாளிகளையும் யாத்திரிகர்களையும் பராமரித்த துறவு வீரர் சபையின் தலைமையிடம் இது. உணவு மண்டபத்தில் உருண்டைத் தூண்கள்; ஒன்றைக் கட்டிப்பிடிக்க ஐந்தாறு பேர் கைகோக்க வேண்டும். இத்தனை பெரிய கட்டடம் பல காலம் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. உதுமானியர் காலத்தில் இதற்கு மேலேயே கோட்டை கட்டினார்கள், அந்தக் கோட்டையைப் பிறகு ஆங்கிலேயர் சிறையாகப் பயன்படுத்தினார்கள். ஒரு ஊரின் மேல் இன்னொரு ஊர் ஏறி நிற்கிறது. கீழே குளிர்ச்சி, மேலே வெயிலும் கடற்காற்றும்.

அங்கிருந்து டெம்ப்ளர் சுரங்கம். டெம்ப்ளர் என்பது சிலுவைப் போர்க்காலத்தின் இன்னொரு துறவு வீரர் சபை. 1994-இல் ஒரு வீட்டில் சாக்கடை அடைத்துக்கொண்டதைச் சரிசெய்யப் போய்த்தான் இது வெளிப்பட்டதாம். மேற்கே இருந்த டெம்ப்ளர் கோட்டையிலிருந்து கிழக்கே துறைமுகம் வரை, ஏறத்தாழ 350 மீட்டர். ஓரிடத்தில் நன்றாகக் குனிந்து போக வேண்டும். முதுகு வலியுள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். காலடியில் மரப்பாதை, அதன் கீழே தண்ணீர் ஓடும் சத்தம். உதுமானிய ஆளுநர் ஜஸ்ஸார் பாஷா 1781-இல் கட்டிய பள்ளிவாசலையும் உள்ளே போய்ப் பார்த்தோம், முற்றம் அழகு. 1799-இல் நெப்போலியன் முற்றுகையிட்டும் பிடிக்க முடியாமல் திரும்பிய ஊர் இது. எதிர்த்து நின்றவர் இதே பாஷாதான்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். சந்தையில் ஒரு மசாலாச் சரக்குக் கடை. வாசலிலேயே வாசனை என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். ஏலக்காய்ச் சாக்கில் கைவிட்டு ஒரு காயை உடைத்துப் பார்த்தேன். விதை கறுப்பாக, காய்ந்த பக்குவம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஏலக்காய்க்குப் பேர்போன எங்கள் பக்கத்து வண்டன்மேட்டுக் காயின் நெடி இல்லை. "குவாத்தமாலா?" என்றேன். ஆமென்று தலையாட்டினார். அரபு நாடுகளின் காப்பிக்கு இன்று பெரும்பகுதி ஏலக்காய் குவாத்தமாலாவிலிருந்துதான் போகிறது. நம் விவசாயிகள் புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் விலை சரியும்போதெல்லாம் முதலில் சொல்லும் பெயரும் அதுதான்.

யாருக்காவது கொடுக்கலாம் என்று எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள பெரிய ரக ஏலக்காய் ஒரு பொட்டலம் கொண்டுபோயிருந்தேன். அவர் கையில் கொட்டினேன். ஒன்றை நசுக்கி முகர்ந்தவர், என் அக்கா மகளிடம் ஏதோ கேட்டார். "உங்கள் தோட்டத்துக் காயா என்று கேட்கிறார் மாமா." தோட்டம் இல்லை, கடைதான் என்று சொல்லச் சொன்னேன். உடனே நீண்ட கைப்பிடி வைத்த சின்னப் பாத்திரத்தில் காப்பித் தூளைப் போட்டு, நான் கொடுத்த காயை இடித்துச் சேர்த்துப் பொங்கவைத்தார். பால் கிடையாது, அடியில் மண்டி. பணம் வாங்க மறுத்துவிட்டார். மிளகை லிட்டர் படியில் அளந்து எடை பார்க்கும் நம் முறையைச் சைகையிலேயே விளக்கினேன், அவருக்குப் புரிந்தது. வியாபாரிக்கு வியாபாரி மொழி தடையில்லை.

இந்தத் தெருவில் மிளகு புதிதல்ல. இத்தாலிய வணிகர்களான வெனிசியரும் ஜெனோவாக்காரரும் பீசாக்காரரும் தனித்தனிக் குடியிருப்பு வைத்து நம் பக்கத்துச் சரக்கை வாங்கிக் கப்பலேற்றிய துறைமுகம். 1271-இல் மார்க்கோ போலோ கிழக்கே புறப்பட்டது இங்கிருந்துதான். அவர் பின்னாளில் கொல்லத்தையும் குமரியையும் பார்த்து எழுதினார். 1295-இல் வெனிஸ் திரும்பியபோது சிலுவை வீரர்களின் அக்கோ இல்லை. 1291-இலேயே எகிப்தை ஆண்ட மம்லூக்குகளிடம் விழுந்துவிட்டது. நம் மலையிலிருந்து இறங்கிய மிளகு போய்ச் சேர்ந்த கரையில் நிற்கிறேன் என்ற எண்ணம் எனக்குப் பெரிதாக இருந்தது.

சாப்பாட்டுக்கு ஹும்முஸ். அரைத்த கொண்டைக்கடலை, நடுவில் முழுக்கடலை, மேலே ஆலிவ் எண்ணெய். கூடவே பச்சை வெங்காயத் துண்டு, ஊறுகாய், சூடான ரொட்டி. காரம் போதாது. ஆனால் வயிறு மாலை வரை தாங்கியது.

இப்போது பயண நிறுவனத்தைப் பற்றி. விசா, விமானம், தங்குமிடம் எல்லாம் குறையில்லாமல் செய்தார்கள். வழிகாட்டி விவரமானவர், வேதவசனத்தையும் வரலாற்றையும் சேர்த்தே சொன்னார். ஆனால் திட்டத்தில் இல்லாத ஒரு நினைவுப்பொருள் கடையில் முக்கால் மணி நேரம் பஸ்ஸை நிறுத்தினார்கள். அந்த நேரம் அக்கோவிலிருந்து கழிந்தது. வண்டிக்காரர்களுக்குக் கமிஷன் கொடுக்கும் ஊரில்தான் நானும் கடை நடத்துகிறேன். எனக்கு விளங்காத கணக்கல்ல. பணம் கட்டி வந்தவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைதான் வருவார்கள். அவர்களுடைய நேரத்தில் கைவைப்பது தப்பு. அப்போஸ்தலர் நடபடிகள் 21-ஆம் அதிகாரத்தில் பித்தொலோமாய் என்று வருவது இதே ஊர். பவுல் அங்கே சகோதரரிடத்தில் ஒருநாள் தங்கினார். எங்கள் குழுவுக்கு அரைநாள்கூடக் கிடைக்கவில்லை.

எங்கள் பயணம் 2023 அக்டோபருக்கு முன் நடந்தது. லெபனான் எல்லை அங்கிருந்து தொலைவில்லை; நிலவரத்தைப் பார்த்தே முன்பணம் கட்டுங்கள். கட்டுவதற்கு முன், அக்கோவில் எத்தனை மணி நேரம், மண்டபங்களுக்கும் சுரங்கத்துக்கும் டிக்கெட் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவர்கள் தரமாட்டேன் என்றால், ஹைஃபாவில் ஓய்வு நாள் இருக்கும்போது ரயிலில் நீங்களாகவே போய்விடலாம். ஏறத்தாழ அரை மணி நேரம்தான். நிலையத்திலிருந்து பழைய ஊருக்கு நடந்தே போகலாம். வழுக்காத செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள், சந்தையின் கல்தரை எப்போதும் ஈரமாக இருக்கிறது.