மடக்குக் கத்தியில் பாரம் எங்கே இறங்குகிறது?

மடக்குக் கத்தி வாங்கும்போது எல்லாரும் முதலில் கேட்பது என்ன ஸ்டீல் என்றுதான். விரல் போவது என்னவோ, திறந்த பிளேடு மடங்காமல் பிடித்திருக்கும் பூட்டு நழுவும்போது.

மலிவு ரகங்களில் அதிகம் காண்பது லைனர் லாக். 1980களின் தொடக்கத்தில் கத்தி வடிவமைப்பாளர் மைக்கேல் வாக்கர் இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தது. கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் துள்ளி வந்து பிளேடின் அடியில் முட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். முட்டும் முகத்தின் சாய்வு கொஞ்சம் பிசகினாலும் போச்சு. என்னிடம் இருந்த ஒன்று, அட்டைப்பெட்டியில் சிக்கிய பிளேடை வெளியே இழுத்தபோது அப்படியே மடங்கியது. கட்டை விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

இதையே தடிமனாக்கியதுதான் இன்னொரு கத்தி வடிவமைப்பாளர் கிறிஸ் ரீவின் ஃபிரேம் லாக். கைப்பிடியின் ஒரு பக்கமே பூட்டு என்பதால், இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க நம் விரல்களே அதை உள்ளே தள்ளுகின்றன. ஆனால் இந்தப் பக்கம் பெரும்பாலும் டைட்டானியம், அது ஸ்டீலைவிட மென்மை, உரசி உரசித் தேயும், ஒட்டிக்கொள்ளவும் செய்யும். அதனால் பூட்டின் முனையில் தனியாக ஒரு ஸ்டீல் துண்டைத் திருகி வைத்திருக்கும் மாடலாகப் பாருங்கள். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் பேக் லாக். 1964-இல் வந்த பக் 110 கத்தியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கைப்பிடியின் முதுகில் சீசா பலகை மாதிரி ஆடும் ஒரு கட்டை, அதன் கொக்கி பிளேடின் பள்ளத்தில் விழும். வலுவானதுதான், ஆனால் பாரமெல்லாம் அந்தக் கட்டையைத் தாங்கும் சின்ன பின்னில் இறங்குகிறது, நாளாக ஆக பிளேடு மேலும் கீழும் ஆடத் தொடங்கும். ஆண்ட்ரூ டெம்கோ, கோல்ட் ஸ்டீல் என்ற கத்தி கம்பெனிக்காகச் செய்த டிரை-ஆட் லாக்கில் முக்கிய மாற்றம் ஒன்றுதான்: கட்டைக்கும் பிளேடுக்கும் நடுவே தடித்த ஒரு பின். கட்டையின் துளையிலும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார், அதனால் அடி முழுவதும் அந்த நடு பின்னுக்கே போகிறது, தேய்மானம் வந்தாலும் கட்டை இன்னும் சற்று இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஸ்பிரிங் மட்டும் முரட்டுத்தனமானது, ஒரு கையால் மூடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பிரெஞ்சு கம்பெனி ஓபினெலின் 1955 வளையப் பூட்டில் ஸ்பிரிங்கே கிடையாது, வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். பழம் நறுக்க அது போதும். முகாமில் விறகோடு மல்லுக்கட்ட டிரை-ஆட்தான். சட்டைப் பையில் தினமும் கிடக்க, ஸ்டீல் முனை வைத்த ஃபிரேம் லாக்.