33 கிரெடிட் கிடைத்தது, 19 தான் செல்லுபடியானது: டியூவல் கிரெடிட், ஏ.பி. ஐந்து வருட அனுபவம்

டெக்சாஸில் இருக்கிறோம். மூத்தவள் 2021இல் பதினொன்றாம் வகுப்புக்குப் போனபோது டியூவல் கிரெடிட்டில் சேர்த்தோம், அதாவது பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடம் படித்து, பட்டத்துக்கான கிரெடிட்டை (பாட மணி) முன்கூட்டியே சேர்ப்பது. இப்போது அவள் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் முடித்துவிட்டாள். வருகிற ஆகஸ்டில் தம்பி பதினொன்றாம் வகுப்பு. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் காத்திருக்கும் அம்மா அப்பாக்கள் என்னிடம் கேட்பது எல்லாம் ஒரே கேள்விதான்: "எத்தனை கிரெடிட் சேர்த்தா ஒரு வருஷம் மிச்சமாகும்?" அந்தக் கேள்வியே தப்பு என்று புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்பது நம் ஊர் பப்ளிக் எக்ஸாம் மாதிரி. வருடம் முழுக்கப் பள்ளியில் படித்துவிட்டு, மே மாதம் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் ஒரே தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். 2025இல் ஒரு தேர்வுக்கு 99 டாலர். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகள் பொதுவாக 3 எடுத்தாலே கிரெடிட் தர வேண்டும் என்று 2015இல் சட்டமே வந்துவிட்டது. டியூவல் கிரெடிட் அப்படியில்லை. அங்கே பிள்ளை நிஜமாகவே ஒரு கம்யூனிட்டி காலேஜின் (உள்ளூர் இரண்டு வருட அரசுக் கல்லூரி) மாணவி. வகுப்பு பள்ளியிலேயே நடந்தாலும் மதிப்பெண் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேடு) ஏறும். ஏ.பி.யில் 2 வந்தால் அந்த மதிப்பெண்ணை யாருக்கும் அனுப்பாமல் விட்டுவிடலாம். டியூவலில் டி வாங்கினால் அது கூடவே வரும். நம் ஊரில் அரியர் எழுதி க்ளியர் பண்ணுவதுபோல நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கூடவே வரும் என்றால் எவ்வளவு தூரம்? பிள்ளை டாக்டராக வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். மருத்துவப் படிப்புக்கான பொது விண்ணப்பச் சேவையான ஆம்காஸ், பள்ளியில் படிக்கும்போது எடுத்த கல்லூரிப் பாடங்களையும் ஜி.பி.ஏ.வில் (சராசரி மதிப்பெண்) சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறது. டெக்சாஸுக்கென்று தனியாக உள்ள விண்ணப்பச் சேவையான டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ்.ஸும் அப்படித்தான். பதினாறு வயதில் தூக்கக் கலக்கத்தில் வாங்கிய சி, இருபத்திரண்டு வயதில் எதிரே வந்து நிற்கும்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். முதல் செமஸ்டர், இங்கிலீஷ் 1301 என்ற கட்டுரை எழுதும் பாடம். கட்டுரையைச் சமர்ப்பிக்க இரவு 11:59 வரை நேரம். இவள் பள்ளிப் பழக்கத்தில் கடைசி நிமிடம் வரை திருத்திக்கொண்டே இருந்துவிட்டு 12:04க்கு ஏற்றினாள். பள்ளியில் என்றால் பத்து மார்க் குறைப்பார்கள், அவ்வளவுதான். இங்கே சிலபஸில் நான்காம் பக்கத்திலேயே எழுதியிருந்தது: தாமதமானால் பூஜ்யம். செமஸ்டரின் மொத்த மதிப்பெண்ணில் 15 சதவீதம் ஐந்து நிமிடத்தில் போயிற்று.

நான் சும்மா இருப்பேனா? பேராசிரியருக்கு நீளமாக ஒரு மெயில் தட்டினேன். மறுநாள் இரண்டு வரியில் பதில் வந்தது: மாணவியின் மதிப்பெண் பற்றி உங்களிடம் பேச இயலாது, அவரையே எழுதச் சொல்லுங்கள். கோபம் வந்தது. அப்புறம் விசாரித்தால், ஃபெர்பா என்று 1974இல் வந்த சட்டம். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் வயது பதினாறே ஆனாலும் பதிவேட்டின் உரிமை மாணவருக்குத்தான். வரிக் கணக்கில் நாம் காட்டும் பிள்ளை என்றால் கல்லூரி விரும்பினால் சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் தோசை ஆறிக்கொண்டிருக்க, அவளே உட்கார்ந்து எழுதினாள். நான் எழுதியதில் பாதி நீளம்கூட இல்லை. பூஜ்யம் மாறவில்லை. ஆனால் அடுத்த கட்டுரைக்கு முன் அலுவலக நேரத்தில் வந்து பார்க்கச் சொன்னார். செமஸ்டர் முடிவில் பி வந்தது. அந்த பி எங்களுக்கு அன்று இழவு வீடு மாதிரி இருந்தது. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். பள்ளி முடியும்போது டியூவலில் 18 (இங்கிலீஷ் இரண்டு, அமெரிக்க வரலாறு இரண்டு, அரசாங்கம் ஒன்று, பொருளாதாரம் ஒன்று), ஏ.பி.யில் 15, ஆக 33. வீட்டில் எல்லோரும் மூன்றே வருடத்தில் டிகிரி என்று பேசிக்கொண்டிருந்தோம். ஓரியன்டேஷன் நாளில் அட்வைசர் டிகிரி பிளானை (பட்டத்துக்குத் தேவையான பாடங்களின் பட்டியல்) திறந்தார். இரண்டாவது இங்கிலீஷ் அவள் பிரிவுக்குத் தேவையில்லை, அதற்குப் பதில் டெக்னிகல் ரைட்டிங். ஏ.பி. பிசிக்ஸ் 1 கால்குலஸ் இல்லாத பிசிக்ஸ், இன்ஜினியரிங்குக்கு ஆகாது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் அந்தப் பிளானில் இடமில்லை. கால்குலஸ் பி.சி.யில் 4 வாங்கியிருந்ததால் இரண்டு செமஸ்டர் கணக்குக்கும் கிரெடிட் உண்டு. ஆனால் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை மறுபடி படிக்கிறேன் என்று அவளே சொன்னாள். நான் மனசுக்குள் டாலர் எண்ணிக்கொண்டிருந்தேன், இருந்தாலும் நல்ல முடிவுதான். மிஞ்சியது 19.

அது போதாதென்று இன்னொரு கூத்தும் நடந்தது. டியூவல் கிரெடிட் அன்று அவர்கள் திரையிலேயே இல்லை. பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் எல்லாம் இருக்கிறதே என்று நாங்கள் அலட்சியமாக இருந்துவிட்டோம். கம்யூனிட்டி காலேஜிலிருந்து தனியாக அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். அதைச் சொல்லி வந்த மெயில், அவள் திறந்தே பார்க்காத கல்லூரி மெயில் முகவரியில் மூன்று மாதமாகக் கிடந்தது. ஏற்கனவே முடித்த இங்கிலீஷ் வகுப்புக்கே மறுபடி பதிவு செய்யப் பார்த்தாள்.

மூன்று வருடத்தில் டிகிரி நடக்கவில்லை. ஸ்டாடிக்ஸ் முடித்தால்தான் டைனமிக்ஸ், அதன் பிறகுதான் அடுத்தது என்று சங்கிலியாகப் போகும் படிப்பில், வரலாற்று கிரெடிட்டை வைத்துக்கொண்டு எதையும் தாண்டிக் குதிக்க முடியாது. ஆனால் பலன் வேறு பக்கம் வந்தது. போன ஜனவரியில் ஒரு செமஸ்டர் முழுக்க விடுப்பு எடுத்து, படிப்பு சார்ந்த ஒரு நிறுவனத்தில் சம்பளத்தோடு கோ-ஆப் வேலைக்குப் போனாள். அப்படியும் நான்கு வருடத்திலேயே முடித்துவிடுவாள். அந்த 19 இல்லையென்றால் இது நடந்திருக்காது.

டெக்சாஸ்காரர்களுக்கு ஒன்று. இங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் எந்த டிகிரி வாங்கினாலும் அமெரிக்க வரலாறு 6 மணி, அரசாங்கம் 6 மணி கட்டாயம். அதனால் இந்தப் பாடங்கள் எந்தப் பிரிவுக்குப் போனாலும் வீணாகாது. ஏ.பி. அரசாங்கம் எடுப்பவர்கள் கவனிக்க: அதில் டெக்சாஸ் அரசியலமைப்பு கிடையாது, அந்தப் பாதி பாக்கி நிற்கும். இவளுக்கும் டெக்சாஸ் அரசாங்கம் பற்றிய 2306 பாடம் பாக்கி நின்றது, ஒரு கோடையில் ஆன்லைனில் முடித்தாள். வெளி மாநிலத் தனியார் பல்கலைக்கழகம்தான் லட்சியம் என்றால் கணக்கே வேறு. டார்ட்மத் 2018இல் பட்டம் பெற்ற வகுப்பிலிருந்தே ஏ.பி.க்குப் பட்டக் கிரெடிட் தருவதை நிறுத்திவிட்டது. கிளாஸ் ரேங்க் விஷயம் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் ஒரு மாதிரி, டியூவலுக்கும் ஏ.பி.க்கும் எவ்வளவு எடை என்று உங்கள் கவுன்சிலரிடமே கேளுங்கள்.

தம்பிக்கு உயிரியலில் நாட்டம். அதனால் அவனுக்கு டியூவலில் வரலாறும் இங்கிலீஷும் மட்டும், அறிவியல் எதுவும் வேண்டாம் என்று முடிவு. போன வாரம் கையெழுத்துப் போடப் படிவத்தை நீட்டினான். கல்லூரி மெயிலை அவன் போனில் ஏற்றிய பிறகுதான் போட்டேன். வீடியோ காலில் இருந்த அக்கா, 11:59 எல்லாம் கிடையாது, உனக்கு டெட்லைன் ராத்திரி பத்து மணி என்றாள். ஒன்பதரைக்கு அலாரம் வைத்திருக்கிறான். வகுப்பு ஆரம்பிக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, தினமும் அது அடிக்கிறது.