தயிரா, புரோபயாடிக் மாத்திரையா?

பாலக்கோட்டிலிருந்து வந்திருந்த உறவுப்பெண் அடுக்களையில் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அக்கா, பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்றுக்குத் தயிர் போதுமா, புரோபயாடிக் மாத்திரை வாங்க வேண்டுமா?"

புரோபயாடிக் என்பது உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள். தயிர், மாத்திரை இரண்டுமே மருந்துக்குத் துணைதான். இத்தொற்றைத் தரும் கேண்டிடா பூஞ்சையை அடக்குபவை குளோட்ரிமசோல், ஃபுளுகோனசோல் போன்ற மருந்துகள்.

செலவு: தயிருக்கு வீட்டுப் பால் போதும். மாத்திரை வாரக்கணக்கில் என்றால் கையைக் கடிக்கும்.

உள்ளே இருப்பது: உறைமோரில் எந்த நுண்ணுயிர், எவ்வளவு என்று யாரும் எண்ணுவதில்லை. மாத்திரை அட்டையில் எழுதியிருக்கும், படித்து வாங்குங்கள். இத்தொற்றுக்காக ஆராயப்பட்டவை பெரும்பாலும் லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா வகைகள். வயிற்றுப்போக்குக்குத் தரும் சாக்கரோமைசிஸ் என்ற புரோபயாடிக்கோ ஒரு ஈஸ்ட், அதாவது அதுவே பூஞ்சை இனம்!

பலன்: மருந்தோடு புரோபயாடிக் சேர்த்தால் குறுகிய காலக் குணம் சற்றுக் கூடலாம் என்றது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 ஆய்வுத் தொகுப்பு; சான்று வலுவற்றது என்றும் சொன்னது.

எப்போதாவது வரும் தொற்றென்றால் மருந்தும், களியோடு மோரும் போதும். தயிரை உண்ணலாம், உள்ளே தடவக் கூடாது. மருந்தோடு கூடுதலாக முயல விரும்பினால் புரோபயாடிக் மாத்திரை. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை திரும்பினால் தருமபுரி அரசு மருத்துவமனையில் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் விழுங்க வேண்டாம்.